தலைமறைவு வைரஸ்கள்: "தெரியவில்லை" என்றால் "இல்லை" என்று அர்த்தமில்லை

காய்ச்சல் விட்டுவிட்டது, கொப்புளம் காய்ந்துவிட்டது, ரிப்போர்ட்டில் "வைரஸ் கண்டறியப்படவில்லை" என்று வந்துவிட்டது. உடனே வீட்டில் என்ன சொல்வார்கள்? "குணமாயிடுச்சு." பெரும்பாலான நோய்களுக்கு இந்த வார்த்தை பொருந்தும். சாதாரண ஜலதோஷ வைரஸ் வரும், இரண்டு வாரம் படுத்தும், உடம்பு அதைத் துடைத்து வெளியே தள்ளிவிடும். கணக்கு முடிந்தது.

ஆனால் சில வைரஸ்கள் அப்படி இல்லை. உடம்பிடம் தோற்ற மாதிரி பாவ்லா காட்டிவிட்டு, உள்ளேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்கின்றன. பத்து வருடம், இருபது வருடம், சில சமயம் அறுபது வருடம் கூட. அவை ஏதும் செய்வதில்லை, அதனால்தான் பிடிபடுவதும் இல்லை. இந்த "மறைந்த தொற்று" என்கிற சங்கதி பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. வெளியே, மருந்து சாப்பிடும் மனிதர்களின் வாழ்க்கையிலோ, இதைப் புரிந்துகொள்ளாததால் உயிரே போகிறது. அதனால்தான் இதை இரண்டு மார்க்கோடு விடக்கூடாது.

அம்மை போனது, அக்கி வந்தது

எல்லோருக்கும் தெரிந்த உதாரணத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். சின்னம்மை. நம்மூரில் "அம்மா வந்திருக்கா" என்பார்கள். வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, "அம்மா இறங்கிட்டா" என்று முடித்துவிடுவார்கள். இறங்கியது உண்மைதான். ஆனால் எங்கே இறங்கியது?

தோலில் கொப்புளம் போட்ட அந்த வைரஸ், நரம்புகள் வழியாகப் பயணம் செய்து முதுகுத்தண்டின் ஓரமாகவும் மண்டைக்குள்ளும் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்கிவிடுகிறது. வயதாகி உடம்பின் காவல் தளரும்போது, அதே நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்குத் திரும்பி வருகிறது. உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டையாக, எரிச்சலோடு கொப்புளம் போடுகிறது. அதுதான் அக்கி. ஏன் ஒரே பக்கம், ஏன் பட்டையாக? ஒரு நரம்பு முடிச்சு, உடம்பின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டைத் தோலுக்குத்தான் பொறுப்பு. வைரஸ் எந்த அறையில் படுத்திருந்ததோ அந்த அறையின் வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறது.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்ற சந்தேகம் பழசு. அக்கி வந்தவர் இருக்கும் வீட்டுக் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஹங்கேரி மருத்துவர் போக்காய் கவனித்திருந்தார். ஆனால் இதை முழுக் கதையாகக் கோர்த்தவர் பெரிய ஆராய்ச்சிக்கூடத்து ஆள் இல்லை. எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்கிற இங்கிலாந்து குடும்ப டாக்டர். சைரன்செஸ்டர் என்ற சின்ன ஊரில் தன்னிடம் வந்த நோயாளிகளின் குறிப்புகளை வருடக்கணக்காகச் சேர்த்து வைத்து, 1965-ல் அவர் எழுதினார்: அக்கி வெளியில் இருந்து புதிதாக வரும் தொற்று இல்லை, சிறுவயதில் வந்த சின்னம்மை வைரஸ் உள்ளே இருந்து மறுபடி எழுவது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்போ ஜீன் பரிசோதனையோ கையில் இல்லை. நோட்டுப் புத்தகமும் பொறுமையும்தான் இருந்தன. பின்னாளில் டி.என்.ஏ. ஆய்வுகள் அவர் சொன்னது சரி என்று காட்டின.

இப்போது நம்மூர் விஷயம். அக்கி வந்தால் குயவரிடம் போய் "அக்கி எழுதிக்கொள்ளும்" வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்டு. காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசுவார்கள், சிங்கம் வரைவதும் உண்டு. சில நாளில் கொப்புளம் காய்ந்துவிடும். காவிக்குப் பெயர் கிடைத்துவிடும்! உண்மையில் அக்கி எதுவும் செய்யாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே அடங்கும். இதில் யாரையும் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. ஒரு நோய் தானாக அடங்கும்போது பக்கத்தில் யார் நின்றாலும் அவர்தான் வைத்தியர் ஆகிறார்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அசைக்ளோவிர் போன்ற மருந்துகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். காவி எழுத மூன்று தடவை போய் வந்தால் அந்த மூன்று நாள் போய்விடும். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் அக்கி வந்தால் பார்வையே பாதிக்கப்படலாம். சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, தோல் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விடாது. சட்டைத் துணி பட்டாலே நெருப்பு பட்டது போல இருக்கும். "அக்கிதானே, அதான் காய்ஞ்சு போச்சே" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருப்பார்.

காவல்காரன் கண்ணில் மண்

சரி, உடம்பில் இவ்வளவு பெரிய நோய் எதிர்ப்புப் படை இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருக்கிறது?

அந்தப் படை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால்தான் வைரஸ் எப்படி ஒளிகிறது என்பது புரியும். உடம்பின் செல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளே தயாராகும் புரதங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அவற்றை எம்.எச்.சி. என்கிற தட்டில் வைத்து வாசலில் காட்டிக்கொண்டே இருக்கும். ரோந்து வரும் டி செல்கள் அந்தத் தட்டைப் பார்க்கும். வழக்கமான புரதத் துண்டு இருந்தால் நகர்ந்துவிடும். வைரஸின் துண்டு இருந்தால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். வீட்டுக்குள் நுழையாமல், வாசலில் கிடக்கும் குப்பையைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் போலீஸ் மாதிரி.

இதை ஏமாற்ற வைரஸ்களுக்கு இரண்டு வழி.

முதல் வழி, தட்டைப் பிடுங்குவது. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸ், எம்.எச்.சி. தட்டு வாசலுக்கு வரும் முன்பே அதை உள்ளேயே அழிக்கும் புரதங்களை வைத்திருக்கிறது. ஆனால் உடம்பும் லேசுப்பட்டதில்லை. தட்டே இல்லாத வீடு என்றால் சந்தேகப்பட்டு அடிக்க என்.கே. செல் என்று தனி ஆள் இருக்கிறது. வைரஸ் அதற்கும் பதில் வைத்திருக்கிறது: எம்.எச்.சி. போலவே தோற்றமளிக்கும் ஒரு போலித் தட்டை வாசலில் வைத்துவிடுகிறது! எச்.ஐ.வி.யின் நெஃப் என்ற புரதம் இன்னும் நுணுக்கம். டி செல் முக்கியமாகப் பார்க்கும் வகைத் தட்டுகளைக் குறைத்துவிட்டு, என்.கே. செல் எதிர்பார்க்கும் வகையைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது.

இரண்டாவது வழி இதைவிட எளிமையானது. வாயை மூடிக்கொண்டு இருப்பது. புரதமே தயாரிக்காவிட்டால் தட்டில் வைக்க ஒன்றும் இருக்காது. தட்டு சுத்தமாக இருந்தால் ரோந்து நகர்ந்துவிடும். மறைந்த தொற்று என்பது இதுதான். வைரஸ் தன் டி.என்.ஏ.வை மட்டும் செல்லுக்குள் வைத்துக்கொண்டு ஏறக்குறைய எல்லா ஜீன்களையும் அணைத்துவிடுகிறது.

உதட்டில் புண் போடும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் இப்படித்தான் முகத்து நரம்பு முடிச்சில் காலம் தள்ளுகிறது. நரம்பு செல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. நரம்பு செல் பிரிவதில்லை, வாழ்நாள் முழுக்க இருக்கிறது, எம்.எச்.சி. தட்டும் குறைவாகத்தான் காட்டுகிறது. மாற்று செல் கிடைப்பது அரிது என்பதால் எதிர்ப்புப் படையும் அதை எளிதில் கொல்வதில்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் வேறு இடம் பார்க்கிறது. நோய்களை நினைவில் வைத்துக்கொள்வதற்காகவே இருக்கும் நினைவு பி செல்லுக்குள் போய் உட்காருகிறது. போலீஸ் ஸ்டேஷன் ரெக்கார்டு ரூமிலேயே திருடன் குடியிருப்பது போல.

இந்தத் தந்திரம் மனிதனைவிடப் பழசு. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களே இதைச் செய்கின்றன. பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் தன்னைச் சொருகிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சும்மா இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டதும் விழித்துக்கொண்டு பாக்டீரியாவை வெடிக்கவைத்து வெளியேறும். பிரான்சில் ஆந்த்ரே ல்வோஃப் 1950-ல் இதைக் காட்டினார். 1965 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

எச்.ஐ.வி: 73 வருடக் கணக்கு

இதுவரை சொன்னது எல்லாம் முன்னுரை என்றே வைத்துக்கொள்ளலாம். உயிர் பிரச்சினை எச்.ஐ.வி.யில்தான் வருகிறது.

எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, மனித செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே ஒட்டவைத்துவிடுகிறது. அந்தச் செல் ஒரு சி.டி.4 டி செல். அது சுறுசுறுப்பாக இருந்தால் வைரஸ் பெருகும், செல் சாகும். ஆனால் அப்படிப்பட்ட செல்களில் சில சாகாமல் "நினைவு செல்" ஆக மாறி ஓய்வுக்குப் போய்விடும். செல் தூங்கினால் உள்ளே ஒட்டியிருக்கும் வைரஸும் தூங்கும். மருந்துகள் வைரஸ் பெருகும் வேலையைத்தான் தடுக்கின்றன. தூங்கும் வைரஸிடம் தடுப்பதற்கு வேலையே இல்லை.

கூட்டு மருந்துகள் வந்த புதிதில், 1990-களின் நடுவில், விஞ்ஞானிகளுக்கே பெரிய நம்பிக்கை இருந்தது. டாக்டர் டேவிட் ஹோ 1996-ல் டைம் பத்திரிகையின் "ஆண்டின் சிறந்த மனிதர்" ஆனார். இரண்டு மூன்று வருடம் மருந்து கொடுத்தால் வைரஸை அடியோடு ஒழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1997-ல் அந்தக் கணக்கு உடைந்தது. ரத்தத்தில் வைரஸ் தெரியாத நோயாளிகளின் ஓய்வு செல்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் தூண்டிப் பார்த்தபோது, வைரஸ் எழுந்து வந்தது. மூன்று குழுக்கள் தனித்தனியாக இதையே கண்டன. பத்து லட்சம் ஓய்வு செல்லுக்குச் சுமார் ஒன்று என்ற அளவில்தான் அது இருந்தது. ஆனால் அந்த இருப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபர்ட் சிலிசியானோ குழு அளந்தது. அந்த வேகத்தில் மருந்தால் மட்டும் முழுசாகக் காலியாக 73 வருடத்துக்கு மேல் ஆகும்! அதாவது ஒரு ஆயுள்.

இதற்குப் பிறகும் நம்பிக்கை ஒரு முறை ஏமாற்றியது. 2010-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எச்.ஐ.வி.யோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, பிறந்த 30 மணி நேரத்தில் மருந்து ஆரம்பித்தார்கள். சுமார் 18 மாதத்தில் மருந்து நின்றுபோனது. இருந்தும் வைரஸ் தென்படவில்லை. உலகமே "குணம்" என்று கொண்டாடியது. இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து, 2014-ல், வைரஸ் திரும்பி வந்தது. உலகின் மிக நுட்பமான பரிசோதனைகள் அந்தக் குழந்தையின் ரத்தத்தைத் தேடித் தேடிப் பார்த்தன. தெரியவில்லை. ஆனால் இருந்தது.

இவ்வளவு நுட்பமான ஆய்வுக்கூடமே ஏமாந்தது என்றால், "மூணு வருஷமா ரிப்போர்ட் நார்மல், இனிமே மாத்திரை எதுக்கு?" என்று கேட்கும் ஒரு லாரி டிரைவரையோ, கட்டட வேலை செய்யும் பெண்ணையோ குறை சொல்ல முடியுமா? அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் சரியாகச் சொல்வதில்லை. "விடாம சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லப்படுகிறது, ஏன் என்று சொல்லப்படுவதில்லை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்துக்கே அடங்காத வைரஸ் உருவாகும். 2006-ல் நிறுத்தப்பட்ட ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ரத்த அணுக் கணக்கு நன்றாக இருக்கும்போது மருந்துக்கு இடைவெளி விட்ட பிரிவில்தான் நோயும் சாவும் அதிகமாயின. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

"எதிர்ப்பு சக்தி" வியாபாரம்

இந்த இடத்தில்தான் அந்த விளம்பரங்கள் உள்ளே வருகின்றன. "எச்.ஐ.வி. பூரண குணம்", "எதிர்ப்பு சக்தியைக் கூட்டி வைரஸை விரட்டும் மூலிகை". பஸ் ஸ்டாண்டு சுவரில், கேபிள் டி.வி.யில் வந்த காலம் போய் இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன. எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இந்தியாவின் மருந்து விதிகளில் உள்ள அட்டவணை ஜே தெளிவாகவே சொல்கிறது. சட்டம் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது.

மேலே சொன்ன உயிரியலைப் புரிந்துகொண்டவருக்கு இந்த விளம்பரத்தின் ஓட்டை உடனே தெரியும். போலீஸ் எண்ணிக்கையை இரண்டு மடங்கு ஆக்கினாலும், வாசலில் அடையாளமே இல்லாத வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பலம் போதாததால் தோற்கும் சண்டை இல்லை இது. எதிரி கண்ணுக்கே தெரியாத சண்டை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. எச்.ஐ.வி. ஒளிந்திருப்பதே எதிர்ப்பு செல்லுக்குள். அந்தச் செல்லை உசுப்பினால் வைரஸும் சேர்ந்து எழும். விஞ்ஞானிகளே மருந்துப் பாதுகாப்போடு இதைச் செய்து பார்க்கிறார்கள், "எழுப்பிக் கொல்" என்று அந்த முறைக்குப் பெயர். எழுப்ப முடிகிறது. இருப்பைக் காலி செய்யும் அளவுக்குக் கொல்ல இன்னும் முடியவில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர், பெர்லின் நோயாளி எனப்பட்ட டிமோதி ரே பிரவுன் போல, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் குணமானார்கள். அது ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்த, உயிருக்கே ஆபத்தான சிகிச்சை. அதைச் சூரணத்தோடு ஒப்பிட முடியாது.

இதைச் சொன்னால் பயந்துவிட மாட்டார்களா?

நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. "வைரஸ் சாகும்வரை உள்ளேயே இருக்கும்" என்று நோயாளியிடம் சொன்னால் மனசு உடைந்துபோக மாட்டாரா? ஏற்கனவே ஒதுக்கிவைக்கும் ஊர், இன்னும் ஒதுக்காதா?

பாதி உண்மையைச் சொன்னால் அப்படித்தான் ஆகும். மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூங்கும் வைரஸ் பிறருக்குத் தொற்றாது. மருந்தால் ரத்தத்தில் வைரஸ் தெரியாத நிலையைத் தக்கவைத்துக்கொள்பவரிடம் இருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை. பார்ட்னர் என்ற ஐரோப்பிய ஆய்வுகள் 2016-லும் 2019-லும் நூற்றுக்கணக்கான தம்பதிகளையும் இணைகளையும் தொடர்ந்து கவனித்துச் சொன்ன எண்ணிக்கை பூஜ்யம். மருந்தை நேரத்தில் ஆரம்பித்து விடாமல் எடுப்பவர்கள் மற்றவர்களைப் போலவே வேலை பார்க்கிறார்கள், குழந்தை பெறுகிறார்கள், முதுமை அடைகிறார்கள். "கண்டறியப்படவில்லை" என்ற வரி ஒரு பெரிய வெற்றி. அந்த வெற்றியைத் தினமும் ஒரு மாத்திரை காவல் காக்கிறது, அவ்வளவுதான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் முதலில் வெளிப்படுத்தியதே சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழுதான். அரசு இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் ஆரம்பித்தது, தாம்பரம் சானடோரியமும் அந்த முதல் மையங்களில் ஒன்று. நடுவில் போன 18 வருடத்தில் மருந்து இல்லாமல் செத்தவர்கள் எத்தனையோ பேர். இன்று மருந்து இலவசமாகக் கிடைக்கும்போது, ஒரு வார்த்தையின் அர்த்தம் புரியாமல் அதை நிறுத்திவிட்டு ஒருவர் சாவது எவ்வளவு பெரிய அநியாயம்!

செய்ய வேண்டியது

ஒளிந்த வைரஸை விரட்டுவது கஷ்டம், உள்ளே விடாமல் இருப்பது சுலபம். ஜப்பானில் மிச்சியாகி தகஹாஷி 1974-லேயே சின்னம்மைத் தடுப்பூசியை உருவாக்கிவிட்டார். உள்ளே ஏற்கனவே புகுந்துவிட்டவர்களுக்கு, அது எழாமல் தடுக்கும் அக்கித் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவில் 2023-ல் வந்தது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு டோஸ். விலைதான் நடுத்தரக் குடும்பத்துக்கே கை சுடும். அக்கியைத் தடுப்பதோடு லாபம் நிற்காமலும் போகலாம். பழைய வகை அக்கித் தடுப்பூசி போட்ட வேல்ஸ் நாட்டு முதியவர்களிடம் ஏழு வருடத்தில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாக 2025-ல் ஓர் ஆய்வு வெளியானது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பிறகு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று 2022-ல் அமெரிக்கப் படைவீரர்களின் ரத்த மாதிரிகளை வைத்துச் சொன்னார்கள். "சும்மாதானே இருக்கு" என்று நினைத்த வைரஸ்கள் உண்மையில் சும்மா இருக்கின்றனவா என்பதே இப்போது கேள்வி.

தடுப்பூசி விலையைக் குறைப்பது அரசாங்கத்தின் வேலை. ஆனால் ஒரு வேலைக்குப் பணமே தேவையில்லை. பரிசோதனை முடிவைக் கையில் கொடுக்கும்போது இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசுவது. "வைரஸ் தெரியலைன்னா போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. தூங்குது. மாத்திரை இருக்கிறவரைக்கும் பெருக முடியாது. உடலுறவு வழியா உங்களால யாருக்கும் பரவவும் பரவாது." இதைவிட எளிமையான தமிழ் தேவையில்லை. உயிரியல் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இப்படிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில், தெருவில், வாட்ஸ்அப்பில் அந்த "பூரண குணம்" செய்தி வரும்போது கடந்து போகாமல் ஒரு வரி பதில் எழுத வேண்டும். அந்தக் குழுவில் யாரோ ஒருவர், யாரிடமும் சொல்லாமல், மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம்.